ஸ்லீப் ஆப்னியா: மாஸ்கா, தாடைக் கருவியா, ஆபரேஷனா?

காலையில் கண் விழித்துப் பார்த்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். எப்போது கழற்றினோம் என்பது நினைவிலேயே இருக்காது. மெஷினைத் தட்டிப் பார்த்தால் 'பயன்பாடு 4 மணி நேரம், ஏ.எச்.ஐ. 2' என்று காட்டும். தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும் நோய்தான் ஸ்லீப் ஆப்னியா. அதற்காக மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினை வாங்கிய புதிதில் பலரும் இப்படி ஒரு காலையைக் கடந்துதான் வருகிறார்கள். 2 என்ற எண்ணைப் பார்த்ததும் மனசு ஆறிவிடுகிறது. ஆனால் மெஷின், தான் முகத்தில் இருந்த நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. கழற்றிய பிறகு விடியும்வரை தொண்டை பழையபடியே மூடித் திறந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

ஒரு மணி நேரத் தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணிக்கைதான் ஏ.எச்.ஐ. சிகிச்சைக்கு முன் அது 40 என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் ஏழரை மணி நேரம். மாஸ்க் மாட்டிய 4 மணி நேரத்தில் மணிக்கு 2 வீதம் 8 தடவை. மாட்டாத மூன்றரை மணி நேரத்தில் மணிக்கு 40 வீதம் 140 தடவை. மொத்தம் 148. ஏழரையால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 20. இதே ஆள், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் தாடைக் கருவி போட்டுக்கொள்கிறார், அது 40-ஐ 14-க்கு மட்டுமே இறக்குகிறது, ஆனால் 7 மணி நேரம் வாயிலேயே இருக்கிறது என்றால் அதில் 98, கருவி இல்லாத அரை மணி நேரத்தில் 20, ஆக 118. மணிக்கு 16-க்குக் கீழே வந்துவிடும். காகிதத்தில் தோற்ற கருவி, படுக்கையில் ஜெயிக்கிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கனவு வரும் தூக்கமான ரெம் உறக்கம், இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம். அப்போது தசைகள் முழுக்கத் தளர்ந்திருக்கும். பலருக்கு மூச்சடைப்பு மிக மோசமாவதும் அந்த நேரத்தில்தான். அதிகாலை 3 மணிக்கு மாஸ்கைக் கழற்றுகிறவர், எந்த நேரத்துக்கு அது மிகவும் தேவையோ அந்த நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார். '4 மணி நேரம், 70 சதவீத இரவுகள்' என்ற அளவுகோலைப் பலர் மருத்துவ இலக்கு என்று நினைக்கிறார்கள். அது அமெரிக்க மெடிகேர் காப்பீடு மெஷினுக்குப் பணம் கொடுக்க வைத்திருக்கும் வரம்பு. உடம்புக்கு இலக்கு, தூங்கும் நேரம் முழுவதும்.

2016-ல் வெளியான 'சேவ்' என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய அல்லது மூளை ரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு சிபாப் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அந்த ஆய்வில் ஓர் இரவின் சராசரிப் பயன்பாடு 3.3 மணி நேரம். இதை வைத்து மெஷினால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி இரவுகூட மாட்டாத சிகிச்சையின் பலனை அது அளந்தது என்பதே என் கருத்து.

முதலில் ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படிக்க வேண்டும்

மூச்சு 10 விநாடியாவது அடியோடு நின்றால் ஆப்னியா. காற்றோட்டம் 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் ஹைபாப்னியா. இறக்கம் 3 சதவீதம் போதுமா, 4 சதவீதம் வேண்டுமா என்பதில் இரண்டு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒரே இரவுப் பதிவை ஒரு விதிப்படி எண்ணினால் 18, இன்னொன்றின்படி எண்ணினால் 11 என்று வரக்கூடும். இரண்டு இடங்களின் ரிப்போர்ட்டை ஒப்பிடும் முன் எந்த விதி என்று பாருங்கள். 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை.

அந்த ஓர் எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது. மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு. ரெம் உறக்கத்தில் எவ்வளவு. ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம். தொண்டை அடைத்ததா, இல்லை மூளையிலிருந்து உத்தரவே வராமல் மூச்சு நின்றதா. சிகிச்சையைத் தீர்மானிப்பவை இந்த வரிகள்தான். மொத்தம் 22 என்று வந்த இருவரில் ஒருவருக்கு மல்லாந்தால் 45, பக்கவாட்டில் 3. மற்றவருக்கு எப்படிப் படுத்தாலும் 22. இருவருக்கும் ஒரே வழி சரிப்படாது.

வீட்டிலேயே எடுக்கும் சோதனை வசதியானது. சாதாரண அடைப்பைக் கண்டுபிடிக்கப் போதுமானது. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் மூளை அலைப் பதிவு கிடையாது. நீங்கள் விழித்துக்கொண்டு புரண்ட நேரத்தையும் தூக்கமாகக் கணக்கில் எடுத்து வகுத்துவிடும். அதனால் எண் குறைவாகக் காட்டலாம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது, பக்கத்தில் படுப்பவர் மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறார், ஆனால் வீட்டுச் சோதனை 'இல்லை' என்கிறது என்றால், அதோடு விட்டுவிடாமல் தூக்க ஆய்வகத்தில் ஒரு இரவு படுத்து முழுப் பரிசோதனை எடுப்பதுதான் சரி.

ஓர் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதற்காக வேறு மருத்துவரிடம் அலைகிறார்கள். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுவது. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் தாழ்ந்து இதயத்தின் மேலறை விரிகிறது. ரத்தம் மிகுந்துவிட்டது என்று இதயம் நினைத்து, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிகிச்சை சரியாக அமைந்தால் முதலில் மாறுகிறவற்றில் இதுவும் ஒன்று.

சிபாப்: 'எனக்கு ஒத்துவரவில்லை' என்பதற்குப் பின்னால்

1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் மூக்கு வழியாக இடைவிடாத காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைத்துக் காட்டினார். அடிப்படை இன்றும் அதுதான். ஆக்சிஜன் கொடுக்கும் கருவி அல்ல இது. அறைக் காற்றையே சற்று அழுத்தி அனுப்பி, தளர்ந்து சரியும் தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. அழுத்தத்தை நீர்மட்டச் சென்டிமீட்டரில் சொல்வார்கள். மெஷின்களின் எல்லை பொதுவாக 4 முதல் 20 வரை.

சங்கடம் தொடங்குவதும் இந்த 4-20-இல்தான். தானாகக் கூட்டிக் குறைக்கும் மெஷினை அந்த முழு எல்லையோடு அப்படியே கையில் கொடுத்துவிடுவது நிறைய நடக்கிறது. பெரியவர்கள் பலருக்கு 4 போதாது. காற்று போதவில்லை, மூச்சு முட்டுகிறது என்று தோன்றும். மாஸ்கின் மேல்தான் பழி விழும். தூங்கிய பிறகோ, தொண்டை சில தடவை அடைத்த பின்தான் மெஷின் மெல்ல அழுத்தத்தைக் கூட்டும். அது வந்து சேர்வதற்குள் தூக்கம் கலைந்திருக்கும். ஓரிரு வாரப் பதிவைப் பாருங்கள். 95 சதவீத நேரம் 11-க்குள் இருந்திருக்கிறது என்றால், கீழ் எல்லையை 8 அல்லது 9-க்கு உயர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மெஷினோடு சமாதானம் ஆனவர்கள் பலர். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தை 1 முதல் 3 வரை தளர்த்தும் வசதியும் உண்டு. அதைத் தேவைக்கு மேல் வைத்தால் வெளிவிடும் நேரத்தில் முட்டு குறைந்து அடைப்பு திரும்பலாம்.

மாஸ்க் மூன்று வகை. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய திண்டுகள், மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூன்றாவதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறார்கள். பரப்பு பெரிது என்பதால் கசிவும் அதிகம். சிலருக்குக் கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளி அடைப்பையே கூட்டிவிடும். மூக்கடைப்பைச் சரிசெய்துவிட்டு மூக்கு மாஸ்கையே முயன்று பார்ப்பது நல்லது. மூக்கு திறந்தால் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்கிறது.

பொருத்துவதில் ஒரு முறை இருக்கிறது. முகத்தைக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, வழக்கமாகப் படுக்கும் நிலையில் படுத்து, மெஷினை உங்கள் அழுத்தத்தில் ஓடவிடுங்கள். நின்றுகொண்டு பொருத்தினால் படுத்ததும் கன்னம் சரிந்து இடம் மாறும். இப்போது மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை இழுத்து மெல்ல விடுங்கள். சிலிகானின் உட்புற மெல்லிய மடிப்பு காற்றில் உப்பி, தோலில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும், இரு பக்கமும் சமமாக இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கிப் போய் இன்னும் கசியும். கசிகிறதே என்று மறுபடி இறுக்குவார்கள். மூக்குத் தண்டில் புண் வரும். ஒவ்வொரு வாரமும் பட்டையை ஒரு பிடி கூட்ட வேண்டியிருக்கிறது என்றால், சிலிகான் தளர்ந்துவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

கசிவு எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்கில் சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று வெளியே போகும். நாம் விட்ட கரியமில வாயு போக வேண்டிய வழி அது, அடைக்கக் கூடாது. சில மெஷின்கள் இந்தக் காற்றையும் சேர்த்துக் காட்டும், சில கழித்துவிட்டுக் காட்டும். கழித்துக் காட்டும் ரெஸ்மெட் நிறுவன மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் ஏ.எச்.ஐ. எண்ணையே நம்ப முடியாது. பெருங்கசிவில் மெஷினுக்கு உங்கள் மூச்சு சரியாகத் தெரிவதில்லை.

வாய் தோலாக உலர்ந்து எழுகிறீர்கள் என்றால், காற்றில் ஈரம் சேர்க்கும் நீர்த்தொட்டியான ஹியூமிடிஃபையரைக் கூட்டுவதற்கு முன் வாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். வாய் வழியாகக் காற்று ஓடும்போது எவ்வளவு ஈரம் சேர்த்தாலும் போதாது. தாடைப் பட்டை சிலருக்கு உதவும். வாயில் டேப் ஒட்டிக்கொள்வது இப்போது பரவிவருகிறது. மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ ஆபத்து. மது, தூக்க மாத்திரை எடுத்த இரவில் கூடவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

நடு இரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம், மூக்கில் சில்லென்று நீர்த்துளி. வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிவிட்டது, அவ்வளவுதான். ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள், அல்லது சூடேற்றும் குழாய் வாங்குங்கள். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்தால் தேங்கும் நீர் திரும்பத் தொட்டிக்கே போய்விடும். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரே நல்லது. மற்ற நீரில் உப்புப் படியும்.

காலையில் வயிறு உப்பி ஓயாமல் ஏப்பம் வந்தால், காற்று உணவுக்குழாயில் இறங்குகிறது. தேவைக்கு மேல் அழுத்தம், வாய்க் கசிவு, எதுக்களிப்பு மூன்றையும் சோதியுங்கள். மேல் எல்லையைக் கட்டுப்படுத்துவது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, இடப்பக்கம் படுப்பது ஆகியவை குறைக்கும். அடங்கவே இல்லை என்றால், மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட ஓர் அழுத்தம் தரும் பைபாப் பற்றிப் பேசலாம்.

முகத்தில் எதையோ மூடிக்கொண்டு படுப்பதே பீதியாக இருக்கிறது என்பவர்களுக்கு மன உறுதியைப் பற்றிப் பேசுவதால் பயனில்லை. பகலில் பழக வேண்டும். முதல் சில நாள் மாஸ்கைக் கையால் முகத்தில் பிடித்து, மெஷினை ஓடவிட்டு ஐந்து நிமிடம். அடுத்துப் பட்டையோடு, டிவி பார்த்தபடி அரை மணி நேரம். பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். அதற்கு அப்புறம்தான் இரவு. ஒரு கட்டத்தில் பதற்றம் வந்தால் முந்தைய கட்டத்துக்குப் போய் இரண்டு நாள் இருங்கள். சட்டென்று கழற்றும் கிளிப்பை இருட்டிலேயே கண்டுபிடித்துப் பழகுங்கள். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். நடு இரவில் தன்னையறியாமல் கழற்றுவதற்குப் பெரும்பாலும் கசிவோ, மூக்கடைப்போ, அழுத்தக் குறைவோதான் காரணம். அந்த மணி நேரத்துப் பதிவைப் பாருங்கள், தெரிந்துவிடும். 'ஆஸ்கர்' என்ற இலவச மென்பொருள் பல மெஷின்களின் மெமரி கார்டைப் படித்து, இரவை நிமிடம் நிமிடமாக விரித்துக் காட்டும்.

அந்தப் பதிவில் 'திறந்த மூச்சுப்பாதை' என்ற வகையில் சில நிறுத்தங்கள் தெரியலாம். தொண்டை திறந்திருக்கிறது, மூச்சு இழுக்க உத்தரவு வரவில்லை என்பது அதன் பொருள். புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடித்தாலும் மெஷின் அப்படித்தான் எழுதும். சிகிச்சை தொடங்கிய புதிதில் இவை வருவதும், சில வாரம் முதல் சில மாதத்தில் பெரும்பாலும் அடங்குவதும் வழக்கம். அடங்காமல் மணிக்கு 5-க்கு மேல் நின்றால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சுத்தம் பற்றிச் சுருக்கமாக. சிலிகானைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, தொட்டி நீரைக் கொட்டுங்கள். வாரம் ஒரு முறை மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு எல்லாவற்றையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஃபில்டரை மாதம் ஒரு முறை பாருங்கள். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகள் வேண்டாம். 2021-ல் உள்ளே இருந்த சத்தம் குறைக்கும் ஃபோம் உதிர்கிறது என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்கள் திரும்பப் பெறப்பட்டன. ஓசோன் அந்தச் சிதைவைக் கூட்டியிருக்கலாம் என்றார்கள். பழைய மெஷினை வேறொருவரிடமிருந்து வாங்குகிறவர்கள் சீரியல் எண்ணைத் திரும்பப் பெறப்பட்டவற்றின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

தாடைக் கருவி

மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று, இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் அமைப்பு. தாடையோடு அடிநாக்கும் முன்னால் வருவதால் தொண்டை விரிகிறது. லேசான, நடுத்தர நோய்க்கு இது முதல் தேர்வாகவே இருக்கலாம். கடுமையான நோயில் மெஷின் முடியவே முடியாது என்பவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். 2013-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டையும் ஒரு மாதம் ஒப்பிட்ட ஆய்வில், ஏ.எச்.ஐ.யைக் குறைப்பதில் சிபாப் முந்தியது. ஆனால் கருவியை மக்கள் கூடுதல் நேரம் போட்டிருந்தார்கள். ரத்த அழுத்தத்திலும் பகல் தூக்கத்திலும் சிபாப் அதை மிஞ்சவில்லை. முதலில் போட்ட கணக்கு இதுதான்.

வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் மலிவு வகையை வைத்து 'கருவி வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டக் கூடாது. தூக்க நோயில் பயிற்சி உள்ள பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்வதில்தான் சிறிது சிறிதாக முன்னகர்த்தும் வசதி இருக்கும். தாடையை எவ்வளவு தூரம் முன்னே நீட்ட முடியுமோ அதில் பாதியளவில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு முறை அரை மில்லிமீட்டர் போல நகர்த்துவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தள்ளினால் தாடை மூட்டு வலி எடுத்து, கருவி அலமாரிக்குப் போய்விடும். உறுதியான பற்கள் ஒரு வரிசைக்குக் குறைந்தது எட்டு வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம்.

காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் சற்று நேரம் சரியாகச் சேராது. கூடவே தரும் சிறிய கடிப்பானைப் பத்துப் பதினைந்து நிமிடம் கடித்தால் தாடை பழைய இடத்துக்கு வரும். இதைத் தவறவிடுகிறவர்களுக்குக் கடி மாறும் வாய்ப்பு கூடுதல். ஒழுங்காகச் செய்தாலும் வருடக்கணக்கில் மேல் முன்பற்கள் உள்ளேயும் கீழ்ப்பற்கள் வெளியேயும் சற்றுச் சாய்வது நடக்கும். வாங்கும் முன்னரே தெரிந்துகொள்ள வேண்டிய விலை இது.

குறட்டை நின்றுவிட்டது என்பதால் நோய் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவியை வாயில் வைத்தபடியே இன்னொரு தூக்கச் சோதனை எடுத்தால்தான் தெரியும். சிபாப் தன் கணக்கைத் தானே எழுதி வைக்கிறது. மற்ற எந்த வழியும் அப்படிச் செய்வதில்லை.

படுக்கும் பக்கம், எடை, மூக்கு

மல்லாந்து படுக்கும்போது ஏ.எச்.ஐ. பக்கவாட்டில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால் அதை நிலைசார்ந்த வகை என்பார்கள். பக்கவாட்டில் 5-க்குக் கீழே வருகிறவர்களுக்கு மல்லாந்து படுக்காமல் இருப்பதே சிகிச்சை. முதுகுக்குத் தலையணை வைப்பது தூக்கத்தில் விலகிவிடும். சட்டை முதுகில் டென்னிஸ் பந்து தைப்பது வேலை செய்யும், ஆனால் சில மாதத்தில் கைவிட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மார்பிலோ கழுத்திலோ கட்டிக்கொண்டு, மல்லாந்ததும் மெல்ல அதிரும் சிறு கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் கூடுதல். எடை ஏறினால் பக்கவாட்டு எண்ணும் ஏறும்; ஒரு தடவை பார்த்தது என்றைக்கும் நிற்காது.

எடை பற்றிய எண்கள் தெளிவானவை. 2000-ல் வெளியான விஸ்கான்சின் ஆய்வின்படி எடை 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைகிறது. 10 சதவீதம் கூடினால் 32 சதவீதம் கூடுகிறது. 50 இருந்தவருக்கு 26 சதவீதம் போனாலும் 37. இன்னும் கடுமைதான். எனவே 'எடை குறைத்துக்கொள்கிறேன், மெஷின் வேண்டாம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டிக்கொண்டே குறையுங்கள். ஒல்லியானவர்களுக்கும், சிறிய தாடை உள்ளவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. எடையை மட்டும் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும் அநியாயம்.

2024 டிசம்பரில் டிர்செபடைடு என்ற எடை குறைக்கும் ஊசி மருந்துக்கு, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான அடைப்பு உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓராண்டு ஆய்வுகளில் மணிக்குச் சராசரியாக 25 முதல் 29 தடவை வரை குறைந்தது. போலி மருந்துக் குழுவில் 5 அளவில். தொடக்கத்தில் சராசரி 50-ஐ ஒட்டி இருந்தவர்கள் அவர்கள். பலருக்கு மிச்சம் இருக்கும் என்பதையும், மருந்தை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூக்குக்குள் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, வளைந்த மூக்குத் தண்டைச் சரிசெய்யும் ஆபரேஷன் ஆகியவை தனியாக ஏ.எச்.ஐ.யைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் மாஸ்கைத் தாங்கவே முடியாதவரைத் தாங்க வைக்கும்.

ஆபரேஷன் பேச்சு வந்தால்

எந்த ஆபரேஷனுக்கும் முன், மயக்க மருந்தில் தூங்க வைத்துத் தொண்டைக்குள் குழாய்க் கேமரா விட்டு எங்கே, எந்த வடிவில் மூடுகிறது என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். அடிநாக்கில் அடைப்பவருக்கு உள்நாக்கை வெட்டிப் பயனில்லை.

'வெற்றி' என்றால் என்ன என்றும் கேளுங்கள். ஆபரேஷன் கட்டுரைகளில் ஏ.எச்.ஐ. பாதியாகக் குறைந்து 20-க்குக் கீழே வந்தால் வெற்றி என்று எண்ணுவது வழக்கம். 38 இருந்தவர் 18-க்கு வந்தால் அங்கே வெற்றிக் கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் இன்னமும் நடுத்தர நோய். உள்நாக்கும் மென் அண்ணமும் வெட்டித் தைக்கும் பழைய முறையில் இந்த வேறுபாடு மிக முக்கியம். இரண்டு வாரம் விழுங்க முடியாத வலி, சிலருக்குத் தண்ணீர் மூக்கில் ஏறுவது, தொண்டையில் ஏதோ இருப்பது போலவே நிரந்தரமாகத் தோன்றுவது எல்லாம் உண்டு. இதில் குறட்டை மட்டும் நின்று அடைப்பு ஓசையில்லாமல் தொடர்வதுதான் பெரிய அபாயம். பக்கத்தில் படுப்பவருக்குக்கூடத் தெரியாமல் போய்விடும். குழந்தைகள் விஷயம் வேறு. டான்சில், அடினாய்டு எடுப்பதுதான் பெரும்பாலும் முதல் வழி.

இரண்டு தாடைகளையும் வெட்டி 10 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னால் வைக்கும் ஆபரேஷன், பலன் விகிதத்தில் மற்ற தொண்டை ஆபரேஷன்களை எல்லாம் தாண்டி நிற்கிறது. வாரக்கணக்கில் திரவ உணவு, முகவெட்டு மாறுவது, கீழுதட்டிலும் மோவாயிலும் மரத்துப்போவது அதன் மறுபக்கம். தாடை இயல்பிலேயே பின்தங்கியவர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கலாம்.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. காரை எலும்புக்குக் கீழே பதித்து, நாக்கை இயக்கும் நரம்பில் ஒரு மின்முனை சுற்றுகிறார்கள். தூங்கப் போகும்போது ரிமோட்டால் இயக்கினால், மூச்சு விடும் தாளத்துக்கு நாக்கு முன்னே நகரும். அதன் முதல் பெரிய ஆய்வில் 126 பேரின் ஏ.எச்.ஐ.யை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் ஓராண்டில் 29.3-லிருந்து 9-க்கு இறங்கியது. ஆனால் மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் இல்லை. மென் அண்ணம் எல்லாப் பக்கமிருந்தும் வளையமாகச் சுருங்குகிறவர்களுக்கு இது பலன் தருவது குறைவு என்பதால், கேமராச் சோதனையில் வடிகட்டிவிடுவார்கள். பதித்த ஒரு மாதம் கழித்துத்தான் இயக்குவார்கள். சரியான அளவைப் பிடிக்க மேலும் சில மாதம் ஆகும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஒரு சிறு ஆபரேஷன்.

அடைப்பே இல்லாமல் மூளை உத்தரவு தவறும் வகைக்கு மேலே சொன்ன தாடைக் கருவியோ ஆபரேஷனோ உதவாது. அதற்கு ஏ.எஸ்.வி. என்ற மெஷின் இருக்கிறது. ஆனால் இதயத்தின் இறைக்கும் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு அதனால் மரணம் கூடியது என்று 2015-ல் தெரியவந்தது. இதய எக்கோ பார்க்காமல் அந்த மெஷினை யாரும் தொடங்கக் கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தும் பகல் தூக்கம் போகவில்லை என்றால், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். மெஷின் நேரத்தை உருவாக்கித் தராது. பிறகு தைராய்டு, இரும்புச்சத்து, மனச்சோர்வு, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள். அதுவரை நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இந்த நோயைச் சொல்லி, மெஷினையும் கூடவே எடுத்துப் போங்கள். ஆபரேஷனுக்குப் பிறகான முதல் சில இரவுகளில்தான் அது மிகவும் தேவைப்படும்.

பயணத்தில் மெஷின் கையோடு போகும் பையில் இருக்க வேண்டும், தொட்டி காலியாக. பேட்டரியில் ஓட்டும்போது ஹியூமிடிஃபையரையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிடுங்கள். மோட்டாரைப் போல் பல மடங்கு மின்சாரத்தை அவைதான் குடிக்கின்றன. என்ன செய்தும் மெஷின் இல்லாமல் ஓர் இரவு கழிக்க வேண்டி வந்தால் பக்கவாட்டில், தலைமாட்டை நன்றாக உயர்த்திப் படுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அன்று வேண்டாம். நோய் ஓரிரு இரவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், மறுநாள் காலை வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.